கைக்கெட்டிய விலையில் ஒரு டெக்

வாசகர் கேள்வி, 2024 மே 27

அப்பா விட்டுச்சென்ற ஏழு வீ.எச்.எஸ். கெசட்டுகள் வீட்டில் இருக்கின்றன. அவற்றைப் பார்ப்பதற்குக் குறைந்த விலையில் பழைய டெக் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளலாமா என்று யோசிக்கிறேன். பெரியப்பா சிரிக்கிறார். "டெக் அந்தக் காலத்திலேயே முதலாளிமார் வீட்டுச் சாமான், தோட்டத்தில் எவன் சொந்தமாக வைத்திருந்தான்?" என்கிறார். அவர் சொல்வது சரியா? இன்று வாங்குவது புத்தியான செயலா? நான் பதுளைப் பக்கம்.

2024 மே 28

பெரியப்பா சொல்வதில் முக்கால் பங்கு உண்மை. மீதிக் கால் பங்குக்கு நானே சாட்சி. 1991ஆம் ஆண்டில், அட்டனுக்குக் கீழே ஒரு தோட்டத்தில், தேயிலைத் தொழிற்சாலையின் மின் வேலைகளுக்கு உதவியாளனாக இருந்தபோது, பாவித்த டெக் ஒன்றை ஆறாயிரம் ரூபாய்க்கு வாங்கினேன். ஐயாயிரம் சீட்டுப் பணம், ஆயிரம் தீபாவளி முற்பணம். மாதம் 250 ரூபாய் வீதம் இருபது பேர் கட்டிய குலுக்கல் சீட்டு அது. ஐந்தாம் மாதம் பெயர் விழுந்தது.

1977க்குப் பிறகு இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் கொழும்புக் கடைகளில் ஜப்பான் சாமான்கள் நிரம்பின. 1979இல் சுயாதீனத் தொலைக்காட்சியும் 1982 பெப்ரவரியில் ரூபவாஹினியும் ஒளிபரப்பைத் தொடங்கின. ஆனால் கொழும்பில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த பொருள் எங்கள் லயத்துக்கு, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு, ஏறி வருவதற்குப் பத்தாண்டு பிடித்தது. வந்து சேர்ந்தபோது அது இரண்டு கை மாறியிருந்தது. கெசட் நுழையும் வாய்க்கு மூடி இல்லை. அந்த இடத்தில் யாரோ ஒரு துண்டு ரெக்சினை ஒட்டி வைத்திருந்தார்கள்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு: வாங்கலாம். ஆனால் வாங்கும் விலையை மட்டும் வைத்துக் கணக்குப் போடாதீர்கள். மலையில் ஒரு டெக்கை வாங்குவது எளிது, உலர்வாக வைத்திருப்பதுதான் செலவு.

2024 மே 28, இரவு

ஒன்றை விட்டுவிட்டேன். நான் வாங்கியது படம் பதியத் தெரிந்த வீ.சி.ஆரே அல்ல. அது வீ.சி.பி. எனப்படும், ஓட்டிக் காட்ட மட்டுமே தெரிந்த பெட்டி. அலைவரிசை பிடிக்கும் டியூனரும், நேரம் குறித்துவைக்கும் கடிகாரமும், பதியும் மின்சுற்றும் அதில் இல்லை. அதனால்தான் அது எங்கள் கைக்கு எட்டியது. தோட்டத்தில் இரண்டையும் டெக் என்ற ஒரே சொல்லால்தான் அழைத்தோம், கடையிலும் அப்படித்தான் கேட்டோம். வாங்கி வந்து ஒரு வாரம் கழித்தே, சிவப்புப் பொத்தான் எங்கே என்று தேடத் தொடங்கினேன். உங்களுக்குப் பார்க்க மட்டுமே வேண்டும் என்பதால் வீ.சி.பி. போதும் என்று எழுத நினைத்தேன். ஆனால் அதில் ஒரு கண்ணி இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

2024 மே 30

மேலே எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "நீ வாங்கினாயா?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். திருத்திக்கொள்கிறேன். சீட்டு அம்மாவின் பெயரில் இருந்தது. மாதாமாதம் கட்டிய 250 ரூபாயில் பெரும்பகுதி அம்மா கொழுந்து பறித்த சம்பளம். தீபாவளி முற்பணம் மட்டும் என்னுடையது. ஆறில் ஐந்து பங்கு அம்மாவுக்குச் சொந்தமான டெக்கை முப்பது ஆண்டுகளாக என்னுடையது என்று சொல்லிவந்திருக்கிறேன்.

2024 ஜூன் 2

சொந்தம் என்ற சொல்லைப் பற்றி இன்னும் கொஞ்சம் எழுத வேண்டும், ஏனெனில் பெரியப்பாவின் கேள்வியே அதுதான்.

டெக் தனியாக ஒரு தகரப் பெட்டி. அதற்கு டீவி வேண்டும், கரண்ட் வேண்டும். 1991இல் எங்கள் காம்பராவில் (லயத்து அறையில்) இரண்டும் இல்லை. பதினான்கு அங்குல வண்ண டீவி, மூன்றாவது தொங்கலில் இருந்த ஒருவருடையது. அவர் அதை மோட்டார் வாகன பெட்டரியில் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார். எங்கள் டெக்குக்கு 230 வோல்ட்டு வேண்டும், பெட்டரிக்கு அது அடங்காது. கோயிலுக்கு மட்டும் மின் இணைப்பு இருந்தது. ஆகவே படம் போடும் இரவில் டெக் எங்கள் காம்பராவிலிருந்தும், டீவி மூன்றாவது தொங்கலிலிருந்தும், சாக்கில் சுற்றப்பட்டுத் தோளில் ஏறிக் கோயிலுக்குப் போயின. கோயில் தலைவர் மின் கட்டணத்துக்கென்று பத்து ரூபாய் வாங்கிக்கொள்வார். திரையில் ஓடிய ஒரே படத்துக்கு மூன்று சொந்தக்காரர்கள். அதற்கு மேல், சீட்டில் இருந்த மற்றப் பத்தொன்பது பேரும் தங்களுக்கும் அந்தப் பெட்டியில் பங்கு உண்டென்று உறுதியாக நம்பினார்கள். சீட்டு என்றால் அப்படி அல்ல என்று விளக்குவதற்கு நான் முயன்றதே இல்லை. முன்வரிசைச் சாக்கு அவர்களுக்குத்தான்.

டெக் வாங்குவதற்கு முன்னர் வாடகைக்கு எடுத்துப் பார்த்தோம். டவுனில் ஒரு கடையில் ஓரிரவுக்கு டெக், டீவி, மூன்று கெசட் சேர்த்துத் தருவார்கள். ஈடாக அடையாள அட்டையை வைக்க வேண்டும். பிரசாவுரிமைச் சிக்கலில் எங்கள் லயத்தில் பாதிப் பேரிடம் அடையாள அட்டை இல்லை. கணக்குப்பிள்ளை தமது அட்டையை வைத்து எடுத்துத் தருவார், ஆனால் எந்தப் படம் என்பதை அவரே முடிவு செய்வார். அவருக்குப் பக்திப் படம்தான் பிடிக்கும். சொந்தமாக ஒரு டெக் வேண்டும் என்ற எண்ணம் எங்கள் இளைஞர்களுக்கு எங்கே முளைத்தது என்று கேட்டால், அந்தத் திருப்தியற்ற இரவுகளில்தான் என்பேன்.

இன்னொரு வேடிக்கை. ரூபவாஹினியின் அலை நாட்டின் உயர்ந்த மலையான பிதுருதலாகலையிலிருந்து, 2,524 மீற்றர் உச்சியிலிருந்து, இறங்கி வந்தது. அதே மலைநாட்டில் இருந்த எங்களுக்கு இடையில் ஒரு மலைமுதுகு மறைத்ததால், செய்தி வாசிப்பவருக்கு இரண்டு தலைகளும் ஒரு நிழலும் தெரிந்தன. தூரத்துச் சமவெளியில் இருந்தவன் தெளிவாகப் பார்த்தான். டெக்குக்கு மலை மறைப்பு இல்லை. எங்கள் பக்கத்தில் அது டீவியைவிட மதிக்கப்பட்டதற்கு இதுவும் காரணம்.

2024 ஜூன் 3

"பால் முறை கெசட்டா என்று பார்க்கவும்" என்று பொதுவாக அறிவுரை சொல்வார்கள். பால், என்.டி.எஸ்.சி. என்பவை டீவிப் படத்தை அனுப்பவும் பதியவும் இருந்த இரண்டு முறைகள். நம் நாடும் இந்தியாவும் பால் முறையில் இருந்தன. கனடாவிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ வந்த கெசட் என்.டி.எஸ்.சி. முறையில் இருக்கும். அதைச் சாதாரண பால் டெக்கில் போட்டால் படம் நிறமிழந்து மேலும் கீழும் உருளும். உங்கள் ஏழில் வெளிநாட்டுக் கலியாணக் கெசட் ஏதும் இருந்தால் பல முறைகளையும் ஏற்கும் டெக்கைத் தேடுங்கள். என் மாமா ஒருமுறை டவுன் கடையில் "இது பால்தானே?" என்று கேட்டதற்கு, கடைப் பையன் அடுத்த கதவைக் காட்டி, பால்மா அங்கேதான் விற்கிறது என்று சொன்னானாம்.

2024 ஜூன் 8

ஈரத்தைப் பற்றி. மழை ஊற்றிக்கொண்டிருக்கிறது, எழுதுவதற்கு இதைவிடப் பொருத்தமான வாரம் கிடையாது.

டெக்கின் உள்ளே பளபளப்பான உருளை ஒன்று இருக்கிறது. விட்டம் 62 மில்லிமீற்றர், ஏறத்தாழ ஒரு தேநீர்க் கோப்பையின் வாயளவு. பால் முறை டெக்கில் அது நிமிடத்துக்கு 1,500 முறை சுழல்கிறது. அதன் விளிம்பில் பதிந்திருக்கும் ஹெட்டுகள், அரை அங்குல அகல நாடாவில் சாய்வாக எழுதப்பட்ட கோடுகளைப் படிக்கின்றன. ஒரு கோட்டின் அகலம் மில்லிமீற்றரில் இருபதில் ஒரு பங்கு. நாடா உருளையைப் பாதிச் சுற்றுக்கு மேல் தழுவியபடி ஓடுகிறது. குளிர்ந்த உருளையில் நீராவி படிந்து, அதன் மேல் நாடா தழுவினால், நனைந்த சேலை கண்ணாடியில் ஒட்டுவதைப் போல ஒட்டிக்கொள்ளும். சுழலும் உருளை நாடாவை இழுத்துச் சுருட்டிவிடும். இதைத் தடுப்பதற்காகத்தான் பெரும்பாலான டெக்குகளில் ஈரத்தை உணரும் சிறு உறுப்பு ஒன்றை வைத்தார்கள். ஈரம் தட்டினால் டெக் எதையும் செய்ய மறுத்து நின்றுவிடும்.

இது எனக்கு அன்று தெரியாது. 1991 கார்த்திகையில் ஒரு மாலை, சாக்கில் சுற்றிக் கோயிலுக்குக் கொண்டுபோன டெக் கெசட்டை விழுங்கவே மறுத்தது. ஒரு சிறு விளக்கு மினுங்கியது, அவ்வளவுதான். நாற்பது பேர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு காத்திருந்தார்கள். மறுநாள் டவுனில் ஒருவரிடம் கொண்டுபோனேன். ஹெட் போய்விட்டது என்று 900 ரூபாய் கேட்டார், கொடுத்தேன். இரண்டு நாள் அவருடைய கடையில் சூடான அலுமாரியின் மேல் இருந்துவிட்டு, டெக் புத்தம்புதிதாய் ஓடியது. அவர் எதை மாற்றினார் என்று பிறகு திறந்து பார்த்தேன். ஒரு திருகாணியில்கூடப் புதிய கீறல் இல்லை. அவருடைய அலுமாரியின் சூட்டுக்குத்தான் 900 ரூபாய்.

அதன் பிறகு செலவில்லாத வழி ஒன்றைக் கண்டேன். மர அலுமாரியின் கீழ்த்தட்டில் 15 வாற்று மின்குமிழ் ஒன்றை எரியவிட்டு, மேல்தட்டில் டெக்கை வைத்தேன். (அப்போது தொழிற்சாலைக் குவாட்டர்ஸில் ஒரு அறை கிடைத்திருந்தது, கரண்டும் கிடைத்தது.) குளிரில் வெளியே கொண்டுபோன டெக்கை, போய்ச் சேர்ந்தவுடன் கெசட் போடாமல் ஒரு மணி நேரம் கரண்டில் விட்டுவைத்தால் தானாகவே சூடேறி ஈரத்தை உதறிவிடும். நுவரெலியா, கந்தப்பளைப் பக்கம் வைத்திருப்பவர்கள் இதை இன்றும் செய்யலாம். உங்கள் பதுளை எங்களைவிடக் காய்ந்த ஊர், அதிர்ஷ்டசாலி.

2024 ஜூன் 9

கெசட்டுகளைப் பாதுகாக்க நான் செய்த முட்டாள்தனம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தேயிலையை அனுப்பும் பலகைப் பெட்டிக்குள் அலுமினியத் தாள் ஒட்டியிருக்கும், ஈரம் புகாது. அதற்குள் கெசட்டுகளை அடுக்கினேன். அதுவரை சரி. காய்ந்த தேயிலை ஈரத்தை உறிஞ்சும் என்பது தொழிற்சாலையில் இருப்பவனுக்குத் தெரியாதா? அடியில் ஒரு சாண் உயரத்துக்குத் தூள் பரப்பினேன். மூன்று மாதம் கழித்து ஒரு கெசட்டைப் போட்டபோது படம் முழுவதும் வெண்பனி. ஹெட்டில் தேயிலைத் தூள். அந்த வாரம் எங்கள் டெக் போட்ட படங்களில் நல்ல சாயம் இருந்ததாகத் தோட்டத்தில் சொல்லிச் சிரித்தார்கள். பெட்டி நல்லது, தூள் வேண்டாம்.

2024 ஜூன் 16

வெண்பனி விழுந்தால் ஹெட்டைத் துடைப்பது எப்படி என்று கேட்டிருந்தீர்கள். டெக்கின் இணைப்பைக் கழற்றுங்கள். மேல் மூடியின் திருகாணிகளை எடுத்து, மூடியைப் பின்பக்கமாக நகர்த்தித் தூக்குங்கள். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு உருளையை மெதுவாகத் துடையுங்கள். அக்காலத்தில் சிலர் புது ரூபாய் நோட்டை நனைத்துத் துடைப்பார்கள். எங்கள் ஊரில் புது நோட்டே அரிது.

2024 ஜூன் 17

நேற்று எழுதியதை நம்பி யாரும் பஞ்சை எடுத்துவிடாதீர்கள். அவசரத்தில் எழுதிவிட்டேன். பஞ்சின் இழை ஹெட்டின் நுனியில் சிக்கிக்கொள்ளும், சிக்கிய இழையை இழுத்தால் நுனி உடையும். அந்த நுனி கடுகைவிடச் சிறியது, கண்ணாடியைப் போல நொறுங்குவது. என் முதல் டெக்கின் ஒரு ஹெட்டை நான் உடைத்ததே பஞ்சினால்தான் என்பதை எழுதும்போது மறந்ததற்கு வெட்கப்படுகிறேன்.

இழை உதிராத மெல்லிய தோல் துண்டு வேண்டும். மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணியும் உதவும். ஐசோப்ரோப்பைல் அல்கஹோலில் அதை நனைத்து, உருளையின் பக்கத்தில் அசையாமல் பிடியுங்கள். மற்றக் கையால் உருளையின் தலையைத் தொட்டு, அதை மெதுவாகச் சுற்றுங்கள். துணி அசையக்கூடாது, உருளைதான் சுற்ற வேண்டும். மேலும் கீழும் ஒருபோதும் தேய்க்கக்கூடாது. துணியில் பழுப்பு நிறக் கோடு விழும், அது நாடாவிலிருந்து உதிர்ந்த துகள். கோடு விழாத வரைக்கும் இடத்தை மாற்றி மாற்றிப் பிடியுங்கள். பிறகு அரை மணி நேரம் காயவிடுங்கள்.

துடைப்பதற்கு முன், உங்கள் கெசட்டின் சாளரத்தில் டோர்ச் அடித்து நாடாச் சுருளின் விளிம்பைப் பாருங்கள். திருநீறு தூவியதைப் போல வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் அது பூஞ்சணம். அந்தக் கெசட்டை டெக்கில் போடவே வேண்டாம். போட்டால் அது ஹெட்டில் ஏறி, மற்ற ஆறு கெசட்டுக்கும் தொற்றும்.

2024 ஜூன் 23

கண்ணி என்று சொன்னேனே, அதற்கு வருகிறேன்.

1996 மார்ச் 17, லாகூரில் உலகக் கிண்ண இறுதிப் போட்டி. அவுஸ்திரேலியா 241 எடுத்திருந்தது. இலங்கையின் ஆட்டத்தைப் பதிந்து வைக்க வேண்டும் என்று தோட்டத்து இளைஞர்கள் பணம் சேர்த்தார்கள். எங்கள் வீ.சி.பி. பதியாது என்பதால் டவுனிலிருந்து ஓரிரவுக்கு உண்மையான வீ.சி.ஆர். ஒன்றை எடுத்து வந்தோம். கையில் இருந்தது ஒரேயொரு ஈ–180 கெசட், சாதாரண வேகத்தில் மூன்று மணி நேரம் ஓடும். ஐம்பது ஓவருக்கு அது போதாது என்று கணக்குப் பார்த்து, பாதி வேகத்தில் பதியும் எல்.பி. பொத்தானை அழுத்தினேன். ஆறு மணி நேரம் கிடைத்தது. 46.2 ஓவரில் ஆட்டம் முடிந்தது. அரவிந்த டி சில்வா 107 ஓட்டங்களுடன் ஆட்டமிழக்காமல் நின்றார். மறுநாள் காலையில் வீ.சி.ஆரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து, மாலையில் எல்லோரையும் கூப்பிட்டு எங்கள் டெக்கில் கெசட்டைப் போட்டேன். பந்து வீச்சாளர்கள் எறும்பைப் போல ஓடினார்கள், வர்ணனையாளர் கிளியைப் போலக் கீச்சிட்டார், படத்தின் குறுக்கே வெள்ளைப் பட்டைகள். எங்கள் வீ.சி.பிக்கு எல்.பி. வேகம் தெரியாது.

ஆகையால் உங்கள் அப்பா எந்த வேகத்தில் பதிந்தார் என்பது தெரியாத நிலையில், எல்.பி. இல்லாத டெக்கை வாங்காதீர்கள். முன்பக்கத்தில் எஸ்.பி. (சாதாரண வேகம்), எல்.பி. என்ற இரண்டும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். கடைக் கெசட்டுகள் பெரும்பாலும் எஸ்.பியில்தான் இருக்கும். வீட்டில் பதிந்தவர்கள்தான் சிக்கனம் பார்த்தவர்கள்.

2024 ஜூன் 24

அதே 1996இல் மழை பொய்த்து, காசல்ரி, மவுசாக்கலை நீர்த்தேக்கங்கள் வற்றி, நாடு முழுவதும் மணிக்கணக்கில் மின்வெட்டு வந்தது. மழை அதிகமானால் டெக் ஓடாது, மழை இல்லாவிட்டாலும் டெக் ஓடாது என்று அம்மா சொன்னார். படம் ஓடும்போது கரண்ட் போனால் நாடா உருளையைத் தழுவியபடியே நிற்கும். கரண்ட் வரும் வரைக்கும் தொடாதீர்கள். பலவந்தமாக இழுத்தால் நாடா கசங்கும். கீழ் விளிம்பு கசங்கினால் படம் தள்ளாடும், மேல் விளிம்பு கசங்கினால் ஒலி மங்கும். கரண்ட் வந்தும் வெளியே தள்ளவில்லை என்றால் மூடியைத் திறந்து, நாடாவை ஏற்றும் சிறு மோட்டாரின் சக்கரத்தை விரலால் சுற்றுங்கள். பத்து நிமிடம் பிடிக்கும். பொறுமை இல்லாதவருக்கு இந்த வேலை ஆகாது.

2024 ஜூலை 7

எல்.பி. கெசட்டை எப்போது பார்த்தோம் என்று கேட்டிருக்கிறீர்கள். 1998இல். அதைச் சொல்வதற்கு அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும், அப்படிச் சொல்லும்போது சீட்டைப் பற்றி நான் எழுதியதை மறுபடியும் திருத்த வேண்டியிருக்கிறது.

அக்கா 1989இல் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனார். திரும்பி வரும்போது கட்டுநாயக்கா விமான நிலையத்தில் டெக் ஒன்று வாங்கிவருவதாகக் கடிதத்தில் எழுதியிருந்தார். வெளிநாட்டுக்குப் போன பெண்கள் வந்திறங்கும்போது டீவியோ டெக்கோ ஒரு பெட்டியாவது இறங்கும், எங்கள் தோட்டத்தில் முதல் இரண்டு டெக்குகள் அப்படி வந்தவைதான். 1990 ஓகஸ்ட் 2ஆம் தேதி ஈராக் படை குவைத்துக்குள் புகுந்தது. அக்கா ஜோர்தான் வழியாக, முகாம்களில் கிடந்து, ஒரு கைப்பையோடு வந்து சேர்ந்தார். முகவருக்குக் கொடுப்பதற்காக வாங்கிய கடன் அப்படியே நின்றது.

அம்மா போட்ட சீட்டு அந்தக் கடனை அடைப்பதற்காகப் போட்ட சீட்டு. பெயர் விழுந்த அன்று, படம் போட்டுத் தலைக்கு இரண்டு ரூபாய் வாங்கினால் ஆறு மாதத்தில் கடனையே அடைக்கலாம் என்று நான்தான் கணக்குப் போட்டுக் காட்டினேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அக்காதான், "வாங்கட்டும், எப்படியும் நான் கொண்டு வந்திருப்பேன்தானே" என்றார். ஆறு மாதத்தில் எண்ணூறு ரூபாய் சேர்ந்தது, அந்த 900 ரூபாய்ச் செலவுக்கே அது போதவில்லை. கடனை அக்கா மறுபடியும் வேலைக்குப் போய் அடைத்தார்.

குவைத்திலிருந்து துரத்தப்பட்ட தொழிலாளருக்கு ஐக்கிய நாடுகள் வழியாக இழப்பீடு கிடைத்தது அல்லவா? அக்காவுக்கும் தாமதமாக ஒரு தொகை வந்தது. கூரைத் தகரம் மாற்றிய பிறகு மிஞ்சியதில் அவர் வாங்கியதுதான் எல்.பி. உள்ள, பதியத் தெரிந்த வீ.சி.ஆர். அதில்தான் இறுதிப் போட்டியைப் பார்த்தோம். முடிவு எல்லோருக்கும் தெரிந்த ஆட்டத்துக்கு லயமே கைதட்டியது. அக்காவுக்குக் கிரிக்கெட் பிடிக்காது, நடுவில் எழுந்துபோய்விட்டார்.

2024 ஜூலை 8

நேற்று எழுதியதை நீக்கிவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும். விலை எவ்வளவு என்று கேட்டவருக்கு முழுக் கணக்கையும் காட்டுவதுதான் முறை.

2024 ஜூலை 14

கடையில் என்ன பார்க்க வேண்டும் என்பதை இப்போது சொல்கிறேன். புதிய டெக் என்று யாராவது விற்றால் சந்தேகப்படுங்கள். கடைசி வரைக்கும் தயாரித்துக்கொண்டிருந்த ஃபுனாய் நிறுவனமே 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. ஆகவே எல்லாமே பாவித்தவை. கண்டிப் பக்கம் ஒரு கடையில் என்னிடம் 15,000 கேட்டார்கள், பேசியதில் 9,000க்கு இறங்கினார்கள். ஓடுகிறதா என்று கேட்டபோது, "போட்டுப் பார்க்க டீவி இல்லை" என்றார்கள். அப்படிச் சொல்லும் இடத்தில் 9,000 அதிகம்.

போனாலும் பரவாயில்லை என்ற கெசட் ஒன்றைக் கையோடு கொண்டு போங்கள், அப்பாவின் கெசட்டைக் கொண்டு போகாதீர்கள். நான்கு மணி நேரம் ஓடும் ஈ–240 கெசட்டும் வேண்டாம், அதன் நாடா மெல்லியது, பழைய டெக் தின்றுவிடும். போட்டு ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். பிறகு முன்னும் பின்னும் முழுவதும் சுற்றவிடுங்கள், இங்கேதான் பழைய டெக் மாட்டிக்கொள்ளும். சத்தம் தளர்ந்து, முக்கி முக்கி நின்றால் உள்ளே ரப்பர் பெல்ட் இறுகிவிட்டது. அது மாற்றக்கூடியது, அதைச் சொல்லி விலையைக் குறையுங்கள். ஹெட் தேய்ந்திருந்தால் மாற்றுவது கடினம், அந்த டெக்கை விட்டுவிடுங்கள். பின்புறம் மஞ்சள், வெள்ளை ஏ.வி. துளைகள் இருப்பது முக்கியம். அவை வழியாகத்தான் கணினிக்கு எடுக்கும் சிறு கருவியைப் பொருத்த முடியும். மூன்று மணி நேரக் கெசட்டைக் கணினியில் பதிய மூன்று மணி நேரம்தான் ஆகும், இடையில் எழுந்து போய்விடாதீர்கள்.

கெசட்டின் முதுகில் இடது ஓரத்தில் இருக்கும் சிறு பிளாஸ்டிக் பல்லை உடைத்துவிடுங்கள். அது இல்லாவிட்டால் வீ.சி.ஆரால் மேலே பதிய முடியாது. எங்கள் வீட்டில் அந்தப் பல்லை உடைக்காததால், உறவுக்காரர்கள் கோத்தகிரியிலிருந்து அனுப்பிய கலியாணக் கெசட்டின் தாலி கட்டும் இடத்தில் அரை மணி நேரம் மெகா தொடர் ஓடுகிறது.

2024 ஜூலை 28

வாங்கிவிட்டீர்கள் என்று அறிந்தேன். 7,000 என்பது நியாயமான விலை. முதல் கெசட் நன்றாக ஓடியது, இரண்டாவது பாதியில் நிற்கிறது, பின்னோக்கிச் சுற்றும்போது முனகுகிறது என்றால், நான் சொன்ன ரப்பர்தான். ஹெட்டைத் தொடாதீர்கள். கெசட்டை வெளியே எடுத்து, அடிப்பக்கத்து நடுத் துளையில் பேனா முனையை அழுத்திப் பிடித்தால் உள்ளே பூட்டு விடுபடும். அப்போது சுருளை விரலால் சுற்றித் தளர்ந்த நாடாவை இறுக்கலாம். அவ்வளவும் செய்துவிட்டு, ரப்பர் மாற்றும் வரைக்கும் மற்ற ஐந்தையும் போடாமல் இருங்கள்.

பெரியப்பாவும் உட்கார்ந்து பார்த்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது. அவருடைய பழைய கேள்விக்கு, "எவன் சொந்தமாக வைத்திருந்தான்?" என்பதற்கு, என்னிடம் இன்னும் நேரான பதில் இல்லை என்று சொல்லுங்கள்.

2024 ஓகஸ்ட் 11

இந்தக் குறிப்புகளை எழுதத் தொடங்கியதால் நானும் என் பழைய வீ.சி.பியை அலுமாரியிலிருந்து இறக்கினேன். அக்காவின் வீ.சி.ஆர். 2009இல் மின்னல் விழுந்து போய்விட்டது, இதுதான் மிச்சம். உடைந்த ஹெட்டை அன்றே வேறொரு டெக்கிலிருந்து எடுத்து மாற்றியிருந்தேன். மின்குமிழுக்கு மேல்தட்டில் மூன்று நாள் வைத்து, தோல் துண்டால் துடைத்து, ரெக்சின் மூடியைத் தூக்கிக் கெசட்டைத் தள்ளினேன். உள்ளே இழுத்துக்கொண்டது. டிராக்கிங் சக்கரத்தை வலப்பக்கம் கொஞ்சம் திருப்பியதும் வெள்ளைப் பட்டை மேலே ஏறி மறைந்தது. கோயில் திருவிழா. அம்மா காவடிக்குப் பின்னால் தண்ணீர்க் குடத்தோடு நிற்கிறார், இப்போது எனக்கு இருக்கும் வயதைவிடக் குறைந்த வயதில். பதினோராம் நிமிடத்தில் பெல்ட் வழுக்கி நின்றது.

பெல்ட்டைக் கழற்றி அளந்தேன். இறுகி நீண்டிருக்கிறது. தட்டையாக மடித்தால் 96 மில்லிமீற்றர், புதியது 90 போதும். கொழும்பில் ஒருவரிடம் பத்துக்குக் குறையாமல் எடுக்க வேண்டுமாம், எடுக்கப்போகிறேன். உங்கள் டெக்கில் இருப்பதைக் கழற்றி, தட்டையாக மடித்து, நீளத்தையும் தடிப்பையும் எழுதுங்கள். பொருந்தினால் பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன்.